செத்துப்போன துப்பாக்கி

ஓய்வு பெற்று, வீட்டில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்த என்னை, காவல் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று பெரம்பலூருக்கு அழைத்தார்கள். ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவள் நான். ஆர்மரர் என்பார்கள். துப்பாக்கியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. உலகத்தில் உள்ள துப்பாக்கிகளின் பெயரெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எது எந்த நாட்டுச் சரக்கு, எதைத் தூக்கிக்கொண்டு ஓடினால் வேகம் குறையும் என்பது வரைக்கும் சொன்னார்கள். எல்லாம் போனில் விளையாடிப் பெற்ற கல்வி.

நான் பேசி முடித்ததும் ஒரு பையன் மரியாதையாக எழுந்து நின்றான்.

“மேடம், நம்ம ரைஃபிள்ல இன்னும் எத்தனை ரவுண்டு மிச்சம் இருக்குன்னு எங்க காட்டும்?”

“எங்கயும் காட்டாது தம்பி. நீதான் எண்ணிக்கணும்.”

அவன் முகம் வாடிவிட்டது. இவ்வளவு பழைய சாமானை வைத்துக்கொண்டா அரசாங்கம் நடத்துகிறார்கள் என்று நினைத்திருப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் காலத்தில் போன் இல்லை, சினிமா இருந்தது. அதனால் எங்களுடைய அறிவு வேறு மாதிரி அமைந்தது. என்னோடு பயிற்சிக்கு வந்த ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி, குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து போய் விழுவான் என்று உறுதியாக நம்பினாள். நம்பியதோடு நிறுத்தாமல் மேற்கொண்டும் யோசித்தாள். குண்டு பட்டவனே அவ்வளவு தூரம் பறந்தால், சுடுகிறவள் எவ்வளவு தூரம் போவாள்? அந்தப் பயத்தில் துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்காமல், இடித்துவிடப் போகிறது என்று இரண்டு விரல் தள்ளிப் பிடித்துச் சுட்டாள். தோளோடு ஒட்டியிருந்தால் தள்ளுகிற கட்டை, இடைவெளி கிடைத்தால் ஓங்கிக் குத்தும். அவள் தோள் ஒரு வாரத்துக்கு நாவல்பழமாக இருந்தது. இன்னொருத்தி இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு அத்தனை குண்டையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, “பட்டுச்சா?” என்று என்னிடம் கேட்டாள். பட்டிருந்தது. பக்கத்து ஆளின் இலக்கு அட்டையில்.

என் அப்பா அரியலூரில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பெண் என்று யாரோ எழுதிவிட, என்னை ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கழற்றினேன், மாட்டினேன், துடைத்தேன், எண்ணெய் போட்டேன். பயிற்சி அவ்வளவுதான். பிறகு வேலை முழுவதும் அதேதான். சொந்தக்காரர்கள் மட்டும் கடைசி வரை நான் தினமும் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி மரியாதை கொடுத்தார்கள். என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார். “ஒரே ஒரு நாளு வூட்டுக்கு எடுத்தாந்து காட்டேம்மா. வானத்தப் பாத்து ஒண்ணு சுட்டுப் பாக்கலாம். மேலயே கரைஞ்சி போயிரும்ல?” கரையாது, யார் தலையிலாவது இறங்கும் என்று நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னேன். ஈயத்துக்கு அவ்வளவு கடமை உணர்ச்சி இருக்கும் என்பதை அவர் நம்பவேயில்லை.

எங்களுக்கு மேலே ரிசர்வ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். ஆர்.ஐ. அய்யா என்போம். போலீஸ்காரர் என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்ற விதியை அவரிடம் யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற குரலில்தான் பேசுவார். ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கும்போது, கொடுப்பவர் மேலதிகாரியாகவே இருந்தாலும், குண்டு ஏற்றுகிற பூட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பார். பிறகு சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். பிறகு மறுபடி கண்ணால் பார்ப்பார். அப்புறம்தான் “சரிங்க” என்பார். வெறும் துப்பாக்கிதான் அய்யா, உள்ளே ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

“அப்படியா? ரொம்ப சந்தோசம். உங்க பைக் எங்க நிக்குது? அதப் பாத்து ஒரு தடவ ட்ரிக்கர இழுங்களேன்.”

என் பணிக்காலத்தில் ஒருவன்கூடத் தன் பைக்கைப் பார்த்து இழுத்ததில்லை. மனிதர்களைப் பார்த்து நீட்டும்போது இருக்கிற நம்பிக்கை, தவணையில் வாங்கிய வண்டியைப் பார்த்து நீட்டச் சொன்னால் எங்கேயோ போய்விடும்.

ஒரு தடவை சுடுகிற பயிற்சியில் புதுப் பையன் ஒருவனுக்குக் குண்டு வெடிக்கவில்லை. அப்படி நடந்தால் துப்பாக்கியை இலக்கைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். சில தோட்டாக்கள் யோசித்து முடிவெடுத்து, கொஞ்சம் தாமதமாக வெடிக்கும். அவன் என்ன செய்தான் என்றால், பெரியவர்களிடம் முகம் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை என்று துப்பாக்கியோடு திரும்பி, “அய்யா, வெடிக்கலீங்கய்யா” என்றான். பின்னால் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத சட்டையோடு ஆர்.ஐ. அய்யாவும் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார். படுத்தபடியே, அதே பந்திக்குரலில் சொன்னார்.

“தம்பி, நல்லா வளத்திருக்காங்க உன்ன. ஆனா இதுக்கு மட்டும் எங்க மூஞ்சியப் பாக்காம, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே சொல்லுப்பா.”

அந்தத் தோட்டா கடைசி வரை வெடிக்கவில்லை. அய்யாவும் அந்தச் சட்டையை மறுபடி போடவில்லை.

புதியவர்களின் இந்த நம்பிக்கைகளையெல்லாம் நான் பல வருடம் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். ஒரு தேர்தல் சமயத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அந்தச் சிரிப்பு எங்கே நின்றது என்பது விளங்கும்.

தேர்தல் அறிவித்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளையெல்லாம் அந்தந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையோர ஊர்களில் கரும்புக்குள் காட்டுப்பன்றி இறங்கும். அதை விரட்டுவதற்காகச் சில விவசாயிகளிடம் நாட்டுத் துப்பாக்கி உண்டு. ஒற்றைக் குழல். வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து இடித்து, மேலே ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடி ஒரு அடைப்பு வைத்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்ன முளை. அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செம்புத் தொப்பியை மாட்டுவார்கள். கேப்பு என்று பெயர். விசையை இழுத்ததும் சுத்தி என்கிற சின்னச் சுத்தியல் வந்து அடித்தால் கேப்பில் பொறி கிளம்பி, முளையின் ஓட்டை வழியாக உள்ளே மருந்துக்குப் போகும். அப்படி வந்து சேர்ந்த துப்பாக்கிகளைச் சரிபார்க்க, ஒரு காவல் நிலையத்துக்கு என்னை அனுப்பினார்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம். எல்லா நிலையமும் அப்படித்தான்.

நான் போய் இறங்கியபோது, பிரவீன் என்ற இளம் கான்ஸ்டபிள் ஒரு நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி நின்றுகொண்டிருந்தான். எதிரே இன்னொருவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். குழலின் வாய் படம் எடுப்பவன் நெற்றிக்கு நேராக இருந்தது. படம் நன்றாக வர வேண்டும் என்று சுத்தியையும் பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருந்தான் பிரவீன். அதன் கீழே முளையில் கேப்பு.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். கத்தினால் அவன் விரல் அதிரும். ஆர்.ஐ. அய்யாவின் குரலைக் கடன் வாங்கிக்கொண்டேன்.

“பிரவீனு, உன் பைக் எங்கப்பா நிக்குது?”

“அந்தா மேடம், வேப்பமரத்துக்குக் கீழ.”

“இந்தத் துப்பாக்கியால அதச் சுடுவியா?”

“அய்யோ, புது வண்டி மேடம்.” அப்போதுதான் அவன் முகம் மாறியது. “இது வெறும் துப்பாக்கிதான் மேடம். பழசு. செத்துப்போன துப்பாக்கின்னு கொண்டாந்த அம்மாவே சொன்னாங்க.”

“வெரல வெளிய எடு. அப்படியே மெதுவா அந்த மணல் குவியல் பக்கம் திரும்பு. சரி. இப்பக் குடு.”

வாங்கிக்கொண்டேன். குழலை மணலைப் பார்த்து வைத்து, சுத்தியைக் கட்டை விரலால் அணை கொடுத்தபடி, நகத்தால் கேப்பைக் கிள்ளி எடுத்தேன். பிறகு சுத்தியை இறக்கினேன். கேப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதன் தலை நசுங்கியிருந்தது. ஏற்கெனவே அடி வாங்கிய கேப்பு. யாரோ இந்தத் துப்பாக்கியை இழுத்திருக்கிறார்கள்.

கொண்டுவந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை என்று பெயர். திருமழபாடிக்குப் பக்கத்து ஊர். புருஷன் கலியபெருமாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. துப்பாக்கி அவருடையது. அதை யூரியா சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

“கண்டக்டர் ஒண்ணும் கேக்கலையாக்கா?”

“கேட்டாரு. துப்பாக்கின்னு சொன்னேன். சிரிச்சுட்டு லக்கேஜ் டிக்கெட்டு போட்டாரு.”

“உள்ள குண்டு இருக்குதாக்கா?”

“உள்ள எப்புடிங்க இருக்கும்? குண்டு வெளியிலதானே மாட்டுறது.”

“வெளியிலயா?”

“இந்தச் சின்னத் தொப்பிதாங்க குண்டு. டப்பாவுல வச்சிருப்பாரு. அவரு மாட்டுறதப் பாத்திருக்கேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “போன மாசம் கரும்புக்குள்ள பன்னி பூந்துருச்சு. எம்மவ டார்ச் அடிச்சா, நான் ஒரு குண்டு மாட்டி இழுத்துப் பாத்தேன். டிக்குன்னு சத்தந்தான் வந்துச்சு. அவரோடயே துப்பாக்கியும் செத்துப்போச்சுன்னு உள்ள வச்சுட்டேன்.”

கேப்பைக் குண்டு என்று நினைத்த ஆளை என் அனுபவத்தில் அன்றுதான் பார்த்தேன். மற்ற நாளாக இருந்தால் ஆயுதப்படை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நிலைய இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, எல்லோரையும் கட்டடத்தின் மறுபக்கம் அனுப்பச் சொன்னேன். துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவே சாய்த்துக் கட்டினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். சிலர் குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். அவர்களைப் பற்றி மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்காது. நான் ஒரு மரக்கம்பை, பக்கவாட்டில் நின்றபடி, மெதுவாகக் குழலுக்குள் இறக்கி, அது நிற்கிற இடத்தில் வாய்க்கு நேராக விரலால் அடையாளம் பிடித்தேன். வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். வெறும் குழல் என்றால் கம்பு முளை வரைக்கும் போக வேண்டும். கெட்டித்த துப்பாக்கி என்றால் நாலு விரல் முன்னாலேயே நிற்கும். இது எட்டு விரலுக்கும் மேலே நின்றது.

ஆர்.ஐ. அய்யாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“திரும்ப அளந்தியாம்மா?”

“அளந்தேங்கய்யா.”

“இன்னொரு தடவ அள.”

அளந்தேன். அதே எட்டு விரல். அவர் வாய்க்குள் கணக்குப் போடுவது கேட்டது. பிறகு, “ரெண்டு தடவ கெட்டிச்சிருக்காங்க” என்றார். “ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அது வெடிச்சிருந்தா குழலு தாங்காது. இழுத்தவங்க மூஞ்சி இருக்காது. பக்கத்துல நின்னவங்களுக்கும் அதேதான். ஏம்மா வெடிக்கல?”

முளையைத் திருகிக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டை முழுக்கத் துரு. பொறி உள்ளே போக வழியே இல்லை. சுத்தமாக வைத்திரு, எண்ணெய் போடு என்று ஆயுள் முழுவதும் ஊருக்கு உபதேசம் செய்தவள் நான். ஒரு தாயையும் மகளையும் காப்பாற்றியது யாரும் துடைக்காத துரு.

“தண்ணி ஊத்தி ஊறப் போடு. அவசரப்படாத. அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் குடு” என்றார் அய்யா.

முளை இருந்த ஓட்டை வழியாகவும், வாய் வழியாகவும் தண்ணீரை விட்டேன். மருந்து நன்றாக ஊறிக் கூழாகிற வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரவீன் என்னிடம் வந்து, தன்னை எடுத்த படத்தை அழித்துவிட்டதாகச் சொன்னான். யாரும் கேட்காமலே சொன்னான். பிறகு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

ஊறிய பிறகு, நுனியில் திருகு வைத்த கம்பியை உள்ளே விட்டு, அடைப்பில் குத்தித் திருகி இழுத்தேன். முதலில் மேல் அடைப்பு வந்தது. துணி. அதன் பின்னால் ஈயக் குண்டுகள் மணலில் உருண்டன. அதற்குக் கீழே இன்னொரு துணி, பிறகு கறுப்புக் கூழ். அதோடு முடிய வேண்டியது. முடியவில்லை. மறுபடி கம்பியை விட்டேன். இந்தத் தடவை வந்தது தேங்காய் நார். மறுபடி குண்டுகள், மறுபடி நார், மறுபடி மருந்து. எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி வைத்து, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். இனி ஆபத்தில்லை என்றதும் அஞ்சலையும் பின்னாலேயே வந்துவிட்டார்.

நான் அவருக்கு விளக்கினேன். குண்டு வெளியே இல்லை அக்கா, உள்ளே இருந்தது. அதுவும் இரண்டு தடவை போட்டது. உங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை நார் வைத்துக் கெட்டித்திருக்கிறார். அது அப்படியே இருக்கும்போது, கெட்டித்ததை மறந்து, இன்னொரு நாள் துணி வைத்து மறுபடி கெட்டித்திருக்கிறார். போன மாதம் அது வெடித்திருந்தால் நீங்களும் மகளும் இன்று இல்லை. இதையெல்லாம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பயந்தால்தான் இனிமேல் தொட மாட்டார் என்ற எண்ணம்.

அவர் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. குனிந்து அந்த ஈரத்துணியை எடுத்து, இரண்டு கையாலும் பிரித்தார். மருந்துக் கறைக்கு நடுவே பச்சைக் கட்டம் தெரிந்தது.

“இது என் சேலைங்க.”

“என்னக்கா?”

“என் தம்பி எடுத்துக் குடுத்தது. முந்தானையில ஒரு சாண் அளவுக்குக் கிழிஞ்சு கெடந்துச்சு. நீதான் கிழிச்சன்னு இவருகிட்ட சண்ட போட்டேன். நான் தொடவே இல்லன்னாரு. விடல நான். மாரியம்மன் கோயிலுக்கு வந்து சத்தியம் பண்ணுன்னு இழுத்துட்டுப் போனேன். வந்தாரு. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாரு.” துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். “மறுமாசமே போயிட்டாரு. படுத்தாரு, எந்திரிக்கல.”

நான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன்.

“அதுக்கு முன்னாடியே மறதின்னு சொல்லிட்டேதாங்க இருந்தாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டுனேனான்னு கேப்பாரு. சாப்ட்டனான்னு கேப்பாரு. வேல செய்யாம இருக்கறதுக்கு நடிக்கிறாருன்னு நெனச்சோம். இந்தச் சேலையும் அப்புடித்தான்னு நெனச்சேன்.” என்னைப் பார்த்துக் கேட்டார். “அப்ப கிழிச்சது அவருதானுங்களா?”

“அவருதாங்கக்கா.”

“ஆனா அவரு பொய் சொல்லல?”

“அவருக்கு நெசமாவே ஞாபகம் இருந்திருக்காதுக்கா” என்றேன்.

அஞ்சலை தலையை ஆட்டினார். அழுவார் என்று எதிர்பார்த்து இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை. துணியை இடுப்பில் செருகிக்கொண்டார். கைப்பற்றிய பொருளில் அதுவும் சேருமா என்று எழுத்தர் கேட்க வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். எழுத்தர் வாயை மூடிக்கொண்டு, துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாக எழுதி, கைநாட்டு வாங்க மைப்பெட்டியைத் தேடினார். அதற்குள் அந்த அம்மா வாசலைத் தாண்டிவிட்டார்.

“கொஞ்சம் இருங்கம்மா, கைநாட்டு வச்சிட்டுப் போங்க” என்று பின்னாலேயே ஓடினான் பிரவீன். “அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கு.”

“நாளைக்கி வந்து வச்சுக்கிறேன் தம்பி” என்றார், நிற்காமலே. “பொய்ச் சத்தியம் பண்ணாரு, அதான் மாரியாத்தா தூக்கிட்டுப் போயிட்டான்னு ரெண்டு வருசமா ஊரு பூராவும் சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கே போயி ஒவ்வொரு வூடா ஏறி மாத்திச் சொல்லணும்.”